பொருளு சரியில்ல

எங்கள் தெருவில் அவர் இருந்தவரைக்கும் மனிதர்கள் யாரும் தப்பு செய்ததில்லை. சாம்பாரில் உப்பு கூடிப்போனால் கரண்டி சரியில்லை. பஸ்ஸைத் தவறவிட்டால் கடிகாரம் சரியில்லை. எதிர்வீட்டுப் பையன் பத்தாம் வகுப்புக் கணக்கில் கோட்டை விட்டபோது, அவன் அப்பா பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு நின்ற நேரம் பார்த்து இவர் உள்ளே போனார். "புள்ள நல்ல புள்ள. நீ வாங்கிக் குடுத்த பேனா சரியில்ல" என்று சொல்லி, தன் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினார். துணைத்தேர்வை அவன் அந்தப் பேனாவால்தான் எழுதினான். அப்போதும் தேறவில்லை. "மை சரியில்ல" என்றார்.

"ஆளு நல்ல ஆளுதான், பொருளுதான் சரியில்ல." இதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொன்னார் என்று எண்ணியிருந்தால் எனக்கு வேறு வேலை ஓடியிருக்காது.

விருத்தாசலத்தில் ஸ்டேஷன் போகிற ரோட்டில் நான் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்பக்கத்து வீடு அவருடையது. இருபத்தேழு வருஷம் ஒரு பீங்கான் கம்பெனியில், கல்லை மாவாக அரைக்கிற பகுதியில் வேலை பார்த்தவர். அரவை மிஷின் சத்தத்தில் பேசிப்பேசி அவர் குரல் அப்படியே நிலைத்துவிட்டது. மனைவியிடம் தண்ணீர் கேட்டால் எனக்குத் தாகம் எடுக்கும். கம்பெனியை மூடிய பிறகு, இந்தக் குரலை வைத்துக்கொண்டு சும்மா இருப்பானேன் என்று யாரோ சொல்ல, அறிவிப்புப் பேச ஆரம்பித்தார்.

எங்கள் ஊரில் ஒருவர் இறந்துவிட்டால் ஆட்டோவில் குழாய் ஒலிபெருக்கி கட்டி, தெருத்தெருவாகச் சொல்லிப் போவார்கள். இன்னார், இன்னாருடைய அப்பா, இன்னாருடைய மாமனார், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று. வீட்டுக்காரர்கள் முதலில் என்னிடம் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸுக்கு வருவார்கள். அப்படியே பின்பக்கம் போய் அவரிடம் குரலுக்குச் சொல்வார்கள். அவர் பேசிப் பதிவு செய்து பென் டிரைவில் கொடுப்பார். பதிவை வெட்டி ஒட்டுவது நான். ஒரு சாவுக்கு நாங்கள் இரண்டு பேர் என்று அவர் மனைவி சொல்வார். அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்.

நானும் ஒருமுறை அவர் பேச்சால் தப்பித்திருக்கிறேன். கடை தொடங்கிய புதிதில், முதல் நாள் செய்த பிறந்தநாள் டிசைனின் மேலேயே போட்டோவை மாற்றி, பெயரை மாற்றி, 'கண்ணீர் அஞ்சலி' என்று பெரிதாக அடித்து ஒரு ஃப்ளெக்ஸ் கொடுத்துவிட்டேன். கீழே மூலையில் 'பல்லாண்டு வாழ்க' அப்படியே இருந்திருக்கிறது. பாடையைத் தூக்குகிற நேரத்தில் யாரோ அதைப் படித்துவிட்டார்கள். காரியம் முடிந்த கையோடு ஏழெட்டுப் பேர் ஈரத்துணியோடு கடைக்கு வந்து நின்றார்கள். 

பின்பக்கத்திலிருந்து அவர் வந்தார். "இந்தப் பொண்ணு என்னா பண்ணும்? கம்ப்யூட்டரு சரியில்ல. அதுக்குச் செத்தவங்க யாரு, பொறந்தவங்க யாருன்னு தெரியல" என்றார்.

வந்தவர்கள் எல்லாரும் கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் மானிட்டரின் மண்டையில் ஓங்கி ஒரு அறை விட்டார். அத்துடன் கோபம் இறங்கிவிட்டது. தப்பு என்னுடையது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு ஒருநாளும் அதைப் பற்றி அவர் பேசியதில்லை. அன்றிலிருந்து அவர் என்ன சொன்னாலும் நான் தலையாட்டுவது என்று ஆகிவிட்டது.

முதலில் அவர் ஃபோனில்தான் பதிவு செய்தார். முன்ரூமில் நாற்காலி போட்டு, ஃபோனை டம்ளருக்குள் நிற்கவைத்துப் பேசுவார். ஊரில் யாரும் குறை சொல்லவில்லை. ஆட்டோவில் கட்டுகிற குழாயில் என்ன போட்டாலும் கரகரப்பாகத்தான் கேட்கும் என்பதால் குறை சொல்லவும் ஒன்றும் இல்லை. அவருக்குத்தான் ஆசை வந்தது. சட்டையில் குத்துகிற சின்ன மைக் ஒன்று வாங்கினார். பிறகு கம்ப்யூட்டரில் செருகுகிற மைக். அதற்குப் பிறகு காது முழுவதையும் மூடுகிற பெரிய ஹெட்ஃபோன். வினை அந்த ஹெட்ஃபோனோடுதான் வந்தது.

ஒருநாள் காலையில் அதை மாட்டியபடியே கடைக்குள் வந்தார். ஒயர் பின்னால் வால் மாதிரி தொங்கியது.

"யம்மா, இதக் கேளு. கடைசில ஒரு சத்தம் வருது பாரு."

கேட்டேன். 'ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று முடித்த பிறகு, கதவிடுக்கில் காற்று நுழைவது போல மெல்லிய ஒரு விசில். அடுத்த வாக்கியம் முடிந்ததும் மறுபடி.

"வருதுண்ணா" என்றேன்.

"ஒயரு சரியில்ல" என்றார்.

ஒயரை மாற்றினார். விசில் இருந்தது. மின்விசிறி சரியில்லை என்று நிறுத்தினார். வேர்த்துக் கொட்டியபடி பேசினார், விசில் இருந்தது. ஃப்ரிட்ஜை நிறுத்தினார். அண்ணி எடுத்து வைத்திருந்த தோசைமாவு பொங்கி வழிந்ததுதான் மிச்சம். பிறகு எர்த்து சரியில்லை என்று யாரோ சொன்னார்கள். கொல்லையில் ஆள் வைத்து இடுப்பளவு குழி தோண்டி, உப்பும் கரியும் கொட்டிக் குழாய் இறக்கினார். பக்கத்தில் இருந்த கறிவேப்பிலை மரம் உப்பில் பட்டுப்போனது. விசில் பிழைத்துக்கொண்டது.

"ரயிலா இருக்கும்" என்றார் அடுத்து. ஜங்ஷன் பக்கத்தில் வீடு. சேலம் வண்டி, திருச்சி வண்டி, நடுவில் நிற்காமல் போகிற சரக்கு வண்டிகள் என்று எதற்கும் குறைவில்லை. ஸ்டேஷனில் நின்று நேரம் எழுதிவந்து சுவரில் ஒட்டினார். இரண்டு வண்டிகளுக்கு நடுவில் பதினோரு நிமிஷம் கிடைத்தால் ஒரு சாவைச் சொல்லி முடித்துவிடுவார். ஒருமுறை வண்டி தாமதமாகி, 'அன்னாரது இறுதி ஊர்வலம்' என்றதும் எஞ்சின் ஊதியது. செத்தவர் ரயில்வேயில் இருந்தவர் என்பதால் வீட்டார் அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. டைல்ஸ் ஒட்டினாரே, அதைத்தான் சொல்ல வேண்டும். பதிவு செய்கிற அறைக்குள் வெளிச்சத்தம் வரக்கூடாது, சுவருக்கு ஏதாவது ஒட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டார். வேறு ஊர்க்காரராக இருந்தால் பஞ்சையோ துணியையோ தேடிப் போயிருப்பார். இவர் பீங்கான் ஊர்க்காரர். பழைய சிநேகிதர் ஒருவரிடமிருந்து லேசாக மூலை உடைந்த, கலர் பிசகிய டைல்ஸ் ஒரு குட்டியானை வண்டி நிறைய வந்து இறங்கியது.

"டைல்ஸாண்ணா?" என்றேன்.

"பீங்கான்ல தூசு ஒட்டாது, கற ஒட்டாது. சத்தம் மட்டும் எப்பிடி ஒட்டும்?" என்றார்.

தரையிலிருந்து கூரைவரை ரோஸும் பச்சையுமாக ஒட்டி முடித்து முதல் பதிவு செய்தார். இறந்துபோன ஓய்வுபெற்ற தலைமையாசிரியரைக் குளியலறையிலிருந்து அறிவித்தது போல இருந்தது. ஒவ்வொரு சொல்லும் நான்கு சுவரிலும் மோதித் திரும்பி வந்தது. விசிலும் நான்காக வந்தது. அண்ணி வாசலில் நின்று கேட்டுவிட்டு, "சோப்பு எடுத்தாரட்டா?" என்றார்.

பிறகு டைல்ஸ் மேல் கோணி, கோணி மேல் போர்வை, போர்வை மேல் கட்டில் மெத்தை என்று ஆணி அடித்து மாட்டினார். அண்ணி என்னிடம் வந்து சொன்னார்: "சுவரு மெத்தையில படுத்திருக்குது. நாங்க தரையில படுத்திருக்கம்."

அவருக்குத் துபாயில் ஒரு மகன். மாதத்துக்கு ஒருமுறை பேசினால் அதிகம். "அவன் நல்லவன். ஃபோனு சரியில்ல" என்று சொல்லி, மங்கலம்பேட்டையிலிருந்து துபாய் போகிற ஒருவரைப் பிடித்து, புது ஃபோன் ஒன்றை அவனுக்குக் கொடுத்தனுப்பினார். துபாயில் ஃபோன் கிடைக்காதா என்று அந்த ஆள் கேட்டிருக்கிறார். ஃபோன் கிடைத்த அன்று மகன் பேசினான். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டார். பிறகு இரண்டு மாதம் பேச்சில்லை. "அந்த ஊரு டவரு சரியில்ல" என்றார். நான் தலையாட்டினேன்.

கடைசியில் கண்டென்சர் மைக் வந்தது. அதோடு மைக்குக்குக் கரண்ட் கொடுக்கிற ஒரு சின்னப் பெட்டியும். எறும்பு நடந்தாலும் கேட்கும் என்று சொல்லித்தான் வாங்கினார். சொன்னது பொய்யில்லை. தெருக்கோடியில் குக்கர் வைத்தால் எந்த வீடு என்று சொல்லிவிடலாம். விசிலும் முன்பு கதவுக்கு வெளியே கேட்டது இப்போது காதுக்குள்ளேயே கேட்டது. விசிலுக்குள் இன்னொரு விசில் இருந்ததுகூட அப்போதுதான் தெரிந்தது. நல்ல பொருள் வாங்க வாங்க அந்தச் சத்தம் அவரை நெருங்கி வந்துகொண்டிருந்தது. அதை அவர் துரத்துவதாக நினைத்தார்.

அந்த மைக்கில் பேசிய முதல் சாவு பெண்ணாடம் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவருடையது. மூன்றாம் நாள் அவருடைய மகன்கள் இரண்டு பேர் பழத்தட்டோடு வந்தார்கள். மூத்தவர் இவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கப்பாவ ஒரு தடவகூடப் பாத்ததில்ல நீங்க. ஆனா பேசறப்ப அப்பிடி விசும்பி இருக்கீங்க. எங்க ஊருல கேட்ட பொம்பளைங்க எல்லாம் ஓன்னு அழுதுட்டாங்க."

"நான் அழுவலிங்க. அது ஒயரு கோளாறு" என்றார் இவர்.

மூத்தவர் முகம் மாறிவிட்டது. "எங்கப்பாவுக்கு அழுதத ஒயரு கோளாறுங்கறீங்களா?"

நான் இடையில் புகுந்து பழத்தட்டை வாங்கிக்கொண்டேன். ஆனால் செய்தி பரவிவிட்டது. 'அழுற மைக்கு' வைத்திருக்கிறாராம் என்று தேடி வந்தார்கள். என்னிடம் ஃப்ளெக்ஸ் சொல்லும்போதே, "பின்னால அண்ணன்கிட்ட அழுவயோட சொல்லிடுங்க" என்பார்கள். ஒருமுறை அவர் நன்றாக ஓய்வெடுத்துவிட்டுக் காலையில் பேசியதில் விசில் குறைவாக விழுந்துவிட்டது. அந்த வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். மேலத்தெரு ஆளுக்கு அப்படி அழுதீர்கள், எங்கள் ஆள் என்றால் இளக்காரமா என்று கேட்டார்கள். அவர் சங்கடத்தோடு மைக்கைத் தட்டிக் காண்பித்தார். "இது சில நேரம் சரியா வேல செய்யிறதில்லிங்க."

மைக்செட் கடைக்காரர் ஒருவரை வரவழைத்து எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்கச் சொன்னார். அவர் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார். "அந்த ஆளு கொண்டுவந்த மீட்டரு சரியில்ல" என்றார் இவர்.

மாசி மகத்தன்று அவரும் அண்ணியும் பழமலைநாதர் கோயிலுக்குப் போயிருந்தார்கள். ஒரு பாத்திரக்கடைக்காரர் அவசரமாகத் தள்ளுபடி அறிவிப்பு வேண்டும் என்று வந்து உட்கார்ந்துவிட்டார். சாவி என்னிடம்தான் இருந்தது. நானே போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் மைக்கில் பேசினேன். எவர்சில்வர் குடம் வாங்கினால் கரண்டி இலவசம் என்று இரண்டு நிமிஷம். கடைக்கு வந்து வெட்டுவதற்காகப் போட்டுக் கேட்டேன்.

விசில் இல்லை.

மறுபடி கேட்டேன். மின்விசிறியை நிறுத்தக்கூட மறந்துபோயிருந்தேன், அது கேட்டது. ஜங்ஷனில் யாரோ சமோசா விற்பதும் கேட்டது. விசில் மட்டும் இல்லை. பாத்திரக்கடைக்காரர் "நல்லாருக்குதுங்களா?" என்று கேட்டார். 

அண்ணி இரண்டு வாரத்துக்கு முன் சிரித்துக்கொண்டே சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. "மாடிப்படி ஏறுனா மூணு எடத்துல நின்னுக்கறாரு. என்னான்னு கேட்டா, படி சரியில்லங்கறாரு. கொத்தனாரக் கூட்டியாந்து படிய இடிச்சிட்டு ஒயரம் கொறச்சி கட்டிட்டாரு பாரேன்." நானும் அன்று சிரித்திருந்தேன்.

ஒன்பது நாள் சொல்லாமல் இருந்தேன். என் கோழைத்தனத்துக்கு நான் வேறு எதையும் குறை சொல்ல மாட்டேன். எனக்காக ஏழெட்டுப் பேர் முன்னால் கம்ப்யூட்டரைப் பலிகொடுத்த மனிதரிடம் போய், உங்கள் பொருளெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, நீங்கள்தான் சரியில்லை என்று எந்த வாயால் சொல்வது? பத்தாவது நாள் அவரே வந்து, இன்னும் பெரிய மைக் ஒன்றுக்குச் சொல்லியிருப்பதாகவும், இந்தமுறை விசில் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிக்காமல் விடப்போவதில்லை என்றும் சொன்னார். அதைச் சொல்வதற்குள் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை.

அவர் பதிவையும் என் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டேன். ஹெட்ஃபோனை அவர் காதில் நானே மாட்டிவிட்டேன்.

கேட்டு முடித்து, "நீ எந்த ஒயருல பேசுன?" என்றார்.

"அதே ஒயருதாண்ணா."

"மைக்கு?"

"அதே மைக்கு. அதே பொட்டி. ஃபேன்கூட ஓடுச்சி."

"மெத்தையெல்லாம்?"

"எல்லாம் இருந்த எடத்துலயே இருந்துச்சி."

அறையில் இருந்த ஒவ்வொன்றாகக் கேட்டார். நாற்காலிவரைக்கும் கேட்டார். நான் அதேதான் அதேதான் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கேட்க ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும் ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அப்ப பாக்கி நாந்தானா?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பதறிப்போய், "நீ எதுக்கு அழுவுற? நீ நல்லாதான் பேசியிருக்கிற. இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று என்னைச் சமாதானப்படுத்தினார். பிறகு தன் நெஞ்சை இரண்டு விரலால் தட்டினார், மைக்கைச் சரிபார்ப்பதற்குத் தட்டுவாரே, அப்படி. "இதுக்கு மாத்து கெடைக்காதே" என்றார்.

கடலூருக்கு ஒரு நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப்போனோம். அண்ணி, அவர், நான். டாக்டர் சின்ன வயசு. முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து இழு, விடு என்று ரொம்ப நேரம் கேட்டார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த இவர், "சார், தப்பா எடுத்துக்காதீங்க. அத ஒரு தரம் நான் கேக்கலாமா?" என்றார்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. கழற்றி இவர் காதில் மாட்டி, மறுமுனையை நெஞ்சில் பிடித்தார். இவர் மூச்சை இழுத்தார், விட்டார். இன்னொரு முறை இழுத்து விட்டார். முகம் மலர்ந்துவிட்டது.

"இதேதான் சார். இந்தச் சத்தந்தான். ரெண்டு வருஷமா தேடிக்கிட்டிருந்தன்" என்றார். என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னா கிளியரு பாரு. ஒயருகூட இல்ல, வெறும் ரப்பரு" என்றார்.

கல்மாவு நுரையீரலில் படிந்து இறுகிப்போயிருக்கிறது, வெகு வருஷத்து மாவு, கழுவி எடுக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அரவைப் பகுதியில் முகத்துக்கு ஒன்றும் கட்டுவதில்லையா என்று கேட்டார்.

"குடுத்தாங்க சார். அந்தத் துணி சரியில்ல" என்றார் அவர்.

எனக்கு அங்கேயே கத்த வேண்டும் போல இருந்தது. கைக்குட்டை கனமுள்ள ஒரு துணியைக் கொடுத்து, இருபத்தேழு வருஷம் ஒரு மனிதரைக் கல்மாவுக்குள் நிற்கவைத்தவர்களுக்குக் கண் இருந்தது, புத்தி இருந்தது. சரியில்லாதது துணி இல்லை. இதை நான் திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னேன். அவர் ஜன்னல் வெளியே பார்த்துக்கொண்டு, "அவங்களும் என்னா பண்ணுவாங்க, மேலேருந்து வந்தது அந்தத் துணிதான்" என்றார். அன்று மட்டும் நான் தலையாட்டவில்லை.

டாக்டர் வாயில் அடிக்கிற பம்ப் ஒன்று கொடுத்திருந்தார். அவர் அதைத் தன் ஸ்டுடியோவின் புதுப் பொருளாகத்தான் எடுத்துக்கொண்டார். பம்ப் அடித்தால் விசில் கொஞ்ச நேரம் அடங்கும் என்று கண்டுபிடித்தார். ரயில் நேரமும் பம்ப் நேரமும் ஒத்துவர வேண்டும். சேலம் வண்டி போனதும் இரண்டு இழுப்பு, உடனே 'அன்பார்ந்த பொதுமக்களே'. அப்படியும் கடைசி வரியில் விசில் எட்டிப்பார்த்துவிடும். கம்ப்யூட்டரில் அந்தச் சத்தத்தை மட்டும் பொறுக்கி எடுக்கிற வழி இருக்கிறது, எடுத்துத் தரட்டுமா என்று கேட்டேன். "வாணாம், கேக்குறவங்க அழுவதான வேணுங்கறாங்க. எனக்குன்னு ஒண்ணு பேசறப்ப எடுத்துக் குடு" என்றார். அவருக்கென்று என்ன பேசப்போகிறார் என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தார். ஒரு ஐப்பசி மாதத்தில், மழை விட்டிருந்த காலை நேரத்தில் அண்ணி கடைக்கு வந்தார். தலை வாரியிருக்கவில்லை. ஒரு பென் டிரைவை மேஜைமேல் வைத்தார்.

"காலையில போயிட்டாரும்மா. இதத்தான் போடணுமாம். அந்தச் சத்தத்த எடுத்துட்டுப் போடச் சொன்னாரு. ஒங்கிட்ட சொன்னா தெரியும்னாரு."

செருகினேன். அவர் குரல். 'அன்பார்ந்த பொதுமக்களே. இவ்வளவு நாளும் உங்கள் வீட்டுத் துயரச் செய்திகளை உங்களிடம் சொல்லி வந்த இந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் இன்று இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' பெயரைச் சொல்லவில்லை. தேவையில்லை என்று நினைத்திருப்பார். எடுக்கிற நேரம் தெரியாது என்பதால், காலை எட்டு மணி, ஒன்பது மணி, பத்து மணி என்று மாலை ஆறு வரைக்கும் தனித்தனியாகப் பேசி வைத்திருந்தார். அதேபோல 'இன்று', 'நாளை' இரண்டும். மகன் துபாயிலிருந்து வந்து சேர நேரம் ஆகும் என்று அண்ணி சொன்னார். நாளை, மாலை நான்கு மணி என்பதை எடுத்து ஒட்டினேன்.

பிறகு விசிலை எடுக்க உட்கார்ந்தேன். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் இருந்தது. 'சொந்தக்காரர்' என்ற சொல்லுக்குப் பிறகு நீளமாக இருந்தது. அவர் வாழ்நாளில் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். ஒரு நூல் மிச்சமில்லாமல் எடுத்தேன். அவர் பேசியதிலேயே இதுதான் சுத்தமான பதிவு. எர்த்துக்குழியும் டைல்ஸும் மெத்தையும் மைக்கும் சேர்ந்து செய்ய முடியாததை ஒரு மணி நேரத்தில் செய்துவிட்டேன்.

ஆட்டோ முதலில் எங்கள் ரோட்டில்தான் கிளம்பியது. கடை வாசலில் பூக்கட்டுகிற அம்மா ஒருவர் உண்டு. பல வருஷமாக அண்ணன் சொன்ன சாவுகளையெல்லாம் அங்கே உட்கார்ந்துதான் கேட்டவர். குழாய் பேச ஆரம்பித்ததும் நாரை அப்படியே மடியில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். ஆட்டோ ஸ்டேஷன் பக்கம் திரும்பி மறைகிறவரைக்கும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"கொரலு அவுருதுதான்" என்றார். "மூச்சுதான் இல்ல."